கணக்கும் சித்திரமும் கூடிய படிப்பு

அட்டன் நகரின் கடைவீதியிலே 'கொமியூனிகேஷன்' என்று எல்லோராலும் அழைக்கப்படும் சிறிய கடைகள் பல உள. நிழற்பிரதி எடுத்தல், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தல், கலியாண அழைப்பிதழ், பூப்பு நீராட்டு விழாப் பதாகை, கோயில் தேர்த் திருவிழா விளம்பரம் ஆகிய யாவும் அங்கே நடைபெறும் தொழில்கள். அத்தகைய கடையொன்றிலே எங்கள் கல்லூரியின் பழைய மாணவன் ஒருவன் கணினிக்கு முன் அமர்ந்து வேலை பார்க்கிறான். பெற்றோர் இருவரும் தோட்டத் தொழிலாளர். உயர்தர வகுப்பிலே கலைப் பிரிவிற் சேர்ந்து சித்திரத்தை ஒரு பாடமாகப் படித்தவன். பல்கலைக்கழகம் புகுவதற்குப் புள்ளிகள் போதவில்லை. கை மட்டும் நல்ல கை.

சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் ஒருநாள் மாலை, மழைக்கு ஒதுங்கி அக்கடைக்குள் நுழைந்தேன். மேசையின்மீது வாசனைத் தேயிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. யாத்திரிகர்களுக்கும் உல்லாசப் பிரயாணிகளுக்கும் விற்பதற்கென ஒரு வியாபாரி செய்வித்தது. மூடுபனி படிந்த மலைச்சரிவு, நடுவே பிரப்பங்கூடை சுமந்த ஒரு பெண், மேலே வளைந்து செல்லும் பொன்னிற எழுத்து. யார் பார்த்தாலும் கையில் எடுக்கத் தோன்றும்.

"இது நான் செஞ்சது, சேர்" என்றான்.

"எவ்வளவு கொடுத்தார்கள்?"

"எழுநூற்றைம்பது. மூணு தரம் மாத்தச் சொன்னாங்க. அதுக்கும் சேர்த்துத்தான்."

அந்தப் பொட்டலம் ஒன்றின் விலையே அதனினும் அதிகம். மேலும் விசாரித்தபோது, எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பதும், கணினியிலிருந்த மூலக்கோப்பையே அப்படியே கொடுத்துவிட்டான் என்பதும் தெரியவந்தன. அதே பெண்ணும் அதே மலையும் இப்பொழுது கறுவாப் பொட்டலத்தின் மேலும் கோப்பிப் பொட்டலத்தின் மேலும் ஏறிவிட்டன. கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "கேட்கப் போனா அடுத்த வேலை வராது, சேர்" என்று சொல்லிவிட்டு, ஒரு நீராட்டு விழாப் பதாகையிலே பூமாலை கோக்கத் தொடங்கினான்.

அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. நான் கற்பிப்பது வணிகக் கல்வி. ஒப்பந்தம் என்றால் என்ன, ஒரு பொருளின் அடக்கவிலையை எவ்வாறு கணிப்பது, உரிமைக் கட்டணம் என்பது யாது என்றெல்லாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் அவன் படித்தது அடுத்த அறையில். எங்களுக்கிடையே இருந்தது ஒரு பலகைத் தட்டி மாத்திரமே. அதே வேளை, என் வர்த்தக மாணாக்கரிடம் இரண்டு தேயிலைப் பொட்டலங்களைக் காட்டி, இதனை ஒருவர் வாங்கி அதனை விட்டுச் செல்வது ஏன் என்று கேட்டால், விலையைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியாது. ஒருவனுக்குச் சித்திரம் தெரியும், கணக்குத் தெரியாது. மற்றவனுக்குக் கணக்குத் தெரியும், சித்திரம் தெரியாது. இவ்விரண்டையும் ஒரே பட்டத்தில் சேர்த்துக் கற்பிக்கும் படிப்புகள் உலகில் இப்பொழுது உண்டு. அவற்றைப் பற்றி மலைநாட்டுப் பெற்றோரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

ஒரு ரயில் நகரத்தின் கதை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே ஸ்ட்ராட்ஃபோர்ட் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. நீராவி ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பெரியதொரு தொழிற்கூடத்தை நம்பியே அந்நகரம் நெடுங்காலம் வாழ்ந்துவந்தது. நீராவி போய் டீசல் வரவே, தொழிற்கூடத்தின் ஆயுள் முடியப்போகிறது என்பது ஊராருக்குப் புலப்பட்டது. அவ்வூரிற் பிறந்த டொம் பட்டர்சன் என்னும் பத்திரிகையாளர், ஊரின் பெயர் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரின் பெயராய் இருப்பதை எண்ணி, இங்கே ஷேக்ஸ்பியர் நாடக விழா நடத்தினால் என்ன என்று கேட்டார். 1953ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு பெரிய கூடாரத்தின் கீழே முதல் நாடகம் அரங்கேறியது. தொழிற்கூடம் 1964இல் மூடப்பட்டது. நாடக விழா இன்றளவும் நடைபெறுகிறது.

அந்நகரிலேதான், 1957இல் நிறுவப்பெற்ற வாட்டர்லூ பல்கலைக்கழகம் 2010களின் தொடக்கத்தில் ஒரு கிளையை அமைத்து, உலக வணிகமும் டிஜிட்டல் கலைகளும் என்ற பெயரில் ஒரு நான்காண்டுப் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. கணக்கியல், சந்தைப்படுத்தல், முகாமைத்துவம் ஆகியவற்றை ஒரு கையாலும், எழுத்துரு, வர்ணம், ஒளிப்படம், அசையும் படம், இணையத்தளம், கைத்தொலைபேசித் திரை ஆகியவற்றின் வடிவமைப்பை மறு கையாலும் மாணவர் கற்கின்றனர். ரயிலும் தேயிலையுமாக வளர்ந்த அட்டனில் இருந்துகொண்டு இக்கதையைப் படித்தபோது எனக்கு உண்டான எண்ணங்களை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அங்கே போய்ப் படிப்பதற்கு வெளிநாட்டு மாணவர் செலுத்த வேண்டிய கட்டணமோ, நம்மவர் நினைத்தும் பார்க்க முடியாதது. ஆயினும் அப்படிப்பில் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள்வதற்குக் கட்டணம் இல்லை.

சம்பளத் துண்டு

டிஜிட்டல் வடிவமைப்பு என்றவுடன், கணினியிலே அழகான படம் வரைதல் என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது அதன் ஒரு சிறு பகுதியே. நம் வீடுகளுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளைக் கொண்டு இதனை விளக்குகிறேன்.

நான் சிறுவனாயிருந்தபோது மாதந்தோறும் என் தாயார் தம் சம்பளத் துண்டை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். எனக்கும் விளங்காது. ஆங்கிலத்திலே சுருக்கெழுத்துக்கள், அவற்றுக்கு எதிரே இலக்கங்கள். தோட்டத்திலே ஒருநாள் வேலையைப் 'பேர்' என்று சொல்வார்கள். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். அம்மாதம் எத்தனை பேர் விழுந்தது, எத்தனை இறாத்தல் கொழுந்து மேலதிகம், தீபாவளி முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது, சங்கச் சந்தா எவ்வளவு என்பனவே அவர் அறிய விரும்பியவை. கடைசி இலக்கத்தை மட்டும் நான் படித்துச் சொல்வேன். அவர் விரல்களை மடக்கித் தம் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டு மடித்து வைப்பார்.

அந்தத் துண்டை ஒழுங்காக ஆக்கித் தருக என்று மாணவனொருவனிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் அவனுக்குச் சம்பளக் கணக்குத் தெரிய வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் கழிகிறது. முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மற்றும் 3 வீதம் முதலாளியின் பொறுப்பு. இவற்றுள் எது தொழிலாளியின் கையிலிருந்து போவது, எது அவள் பெயரில் வந்து சேர்வது என்ற வேறுபாடு அவனுக்கு விளங்காவிட்டால், எத்தனை அழகாக வரைந்தும் பயனில்லை. அடுத்து, அதனை வாசிக்கப் போகிறவள் யார், எந்த வெளிச்சத்தில் வாசிப்பாள், எதனை முதலில் தேடுவாள் என்று அவன் நேரே சென்று பார்க்க வேண்டும். காகிதத்தில் ஒரு மாதிரி வரைந்து, நாலைந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்துத் திருத்த வேண்டும். அச்சிடுவதற்கு ஆகும் செலவையும் பார்க்க வேண்டும். அதே விபரத்தைக் கைத்தொலைபேசித் திரையில் தருவதானால் எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்பது அதன்பின் வரும் கேள்வி. இப்படிப்பின் உயிர்நாடி இந்தப் பார்த்தலும் பரிசோதித்தலும் திருத்தலுமே.

1958ஆம் ஆண்டிலே, அமெரிக்க வடிவமைப்பாளர்களான சாள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசாங்கத்தின் அழைப்பில் வந்து நாடு முழுவதும் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினர். அகமதாபாத் நகரில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றுவதற்கு வித்திட்டது அவ்வறிக்கை. அவர்கள் இந்தியாவிற் கண்ட பொருள்களுள் மிகவும் வியந்து பாராட்டியது எதனை என்று நினைக்கிறீர்கள்? நாம் தண்ணீர் மொள்ளும் செம்பை! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், அதனைத் தூக்கும் கை எத்தகையது, தலையிலோ இடுப்பிலோ எப்படிச் சுமப்பது, சாய்த்தால் நீர் எவ்வாறு விழும், செய்வதற்கு என்ன செலவு, பழையதானபின் உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று அந்தச் செம்புக்குள் அடங்கிய கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதினார்கள். உருவத்தைப் பற்றிய கேள்வியும் விலையைப் பற்றிய கேள்வியும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. நம் பாட்டிமார் புழங்கிய செம்பிலே வணிகமும் வடிவமைப்பும் பிரிந்திருக்கவில்லை. பாடசாலையிலே பாடப் பிரிவு வகுத்த நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

பெட்டியின் மேல் இருந்த பெயர்

தேயிலையை எடுத்துக்கொண்டால், இந்தப் பிரிவினையால் யாருக்கு நட்டம் என்பது தெளிவாகும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆந் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அந்நாள் தொட்டுத் தோட்டத்துத் தேயிலை பெட்டியில் அடைக்கப்பட்டு, பெட்டியின் பக்கத்திலே தோட்டத்தின் பெயரும் தூளின் தரமும் நிறையும் அச்சுத் தகட்டால் பொறிக்கப்பட்டு ஏலத்துக்குச் சென்றது. வாங்கியவர் அதனை வேறு தூள்களோடு கலந்து தம் பெயரில் விற்றார். தோட்டத்தின் பெயர் அங்கேயே மறைந்துவிடும்.

தோமஸ் லிப்டன் 1871இல் கிளாஸ்கோ நகரிலே முதற் பலசரக்குக் கடையைத் திறந்தவர். 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அக்காலத்தில் பிரித்தானியக் கடைகளிலே தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்பதே பெருவழக்கு. பொட்டலத்தில் விற்றவர் அவருக்கு முன்னரும் உண்டு. ஆனால் அவர் ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று நிறை மாறாத பொட்டலங்களை, கண்ணைக் கவரும் வர்ணத்தில், தோட்டத்திலிருந்து நேரே கேத்தலுக்கு வருகிறது என்ற கருத்தோடு ஏழைக் குடும்பங்களின் கைக்கெட்டும் விலையில் வைத்தார். நிறையில் நம்பிக்கை, விலையில் மலிவு, மேலே ஒரு படம். இன்றைய பட்டப்படிப்பு மூன்று நான்கு ஆண்டுகளிற் சொல்லித்தருவதை அந்தக் கடைக்காரர் தம் அனுபவத்தாற் செய்தார். அவருடைய விளம்பரங்களிலே கூடையுடன் நின்றவள் யார்? நம் குலத்துப் பெண்தான். அவளுடைய பேர் செக்ரோலில் விழுந்தது; பொட்டலத்தின்மேல் விழுந்த பெயரோ வேறொருவருடையது.

இந்நாட்டவர் எவரும் இதனைச் செய்ய முடியாது என்றில்லை. 1980களிலே மெரில் பெர்னாண்டோ என்பவர், இங்கேயே பொதி செய்த தேயிலையைத் தம் புதல்வர் டில்ஹான், மலிக் ஆகிய இருவரின் பெயர்களையும் இணைத்து 'டில்மா' என்ற பெயரில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்றார். இன்று அப்பெயரை அறியாத நாடுகள் குறைவு. 1976இல் இயங்கத் தொடங்கிய இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையும், முழுவதும் இலங்கைத் தேயிலையாய், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதற்கு மாத்திரமே உரியது. கொழுந்திற்கும் கோப்பைக்கும் இடையிலுள்ள வருமானம் பொதியிலும் பெயரிலும் படத்திலும் இருக்கிறது என்பதை முதலாளிமார் நெடுங்காலமாகவே அறிவர். கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கு அந்தப் பகுதியைக் கற்பிப்பார் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு வழி

இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களிலேதான். அந்த இடைவெளியின் சுமையை இன்னும் நாம் சுமந்துகொண்டிருக்கிறோம். பல்கலைக்கழக அனுமதியில் இப்பொழுது 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அப்பதினாறில் அடங்கும். இது நமக்குக் கிடைத்த சலுகை என்று கூச்சப்படுவோர் சிலர். நான் அவ்வாறு எண்ணவில்லை.

நம் அரச பல்கலைக்கழகங்களிலே வணிகமும் வடிவமைப்பும் பெரும்பாலும் வெவ்வேறு பீடங்களில் இருக்கின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் வடிவமைப்புப் பட்டம் உண்டு. அதற்கு உயர்தரப் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சை ஒன்றிலும் சித்தியடைய வேண்டும். யாழ்ப்பாணத்தில் சித்திரமும் வடிவமைப்பும் என்ற துறையும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் உள. முகாமைத்துவம் கற்பதற்கு யாழ்ப்பாணம், கிழக்கிலங்கை, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா முதலியன இருக்கின்றன. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம், தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்ற படிப்போடு தொடங்கியதை நம்மவருட் பலர் கவனிக்கவில்லை. எதிற் சேர்ந்தாலும் மற்றப் பாதியைத் தானே தேடிக் கற்க வேண்டும் என்பதே இன்றைய நிலை. எந்தப் பாடத்தோடு எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் பார்த்தே, பத்தாம் பதினோராம் வகுப்பிலேயே தீர்மானிக்க வேண்டும். உயர்தரப் பெறுபேறு வந்தபின் கைந்நூலைத் தேடுவது, பஸ் போனபின் நிலையத்துக்கு ஓடுவது போலாகும். நான் ஆண்டுதோறும் காணும் காட்சி அது.

தனியார் நிலையங்களும் இத்தகைய பட்டங்களை வர்ண விளம்பரங்களோடு தருகின்றன. அவற்றுட் சிறந்தவை உண்டு. ஆனால் கடன்பட்டுச் சேருமுன், பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அது அங்கீகாரம் பெற்றதா, வெளிநாட்டு நாணயத்திற் செலுத்த வேண்டிய பதிவுக் கட்டணம் பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நகையை அடகு வைத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் நின்றுபோன பிள்ளைகளை நான் அறிவேன். கற்பிக்கும் மொழி ஆங்கிலம் என்பதையும் மறத்தலாகாது.

படம் வரைவதற்குத்தான் இப்பொழுது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இப்படிப்பு எதற்கு என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த அட்டன் கடையிலேயே விடை கண்டேன். தேயிலைத் தோட்டப் படமொன்றை அக்கருவி நொடியில் வரைந்து தந்தது. அதன் மேல் எழுதச் சொன்ன தமிழோ தமிழாக இல்லை. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். தமிழ் அரசகரும மொழியானது 1987இல். இன்றைக்கும் பெயர்ப்பலகைகளிலே நம் மொழி படும் பாட்டைக் கண்டு சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இதற்கு அலட்சியம் ஒரு காரணம். மற்றது தொழில்நுட்பக் காரணம். நம் கடைகளிற் புழங்கும் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் உருவத்தை வைத்திருப்பவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனால் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகிவிடும். 1991இல் வெளிவந்த யூனிகோட் முறையிலே தமிழுக்குத் தனியிடம் உண்டு. அதற்கு மாற்றும்போதும் எழுத்துத் தவறுகள் நுழைகின்றன. இதனைப் பார்த்தவுடன் பிடிக்கக்கூடிய கண், தமிழ் தெரிந்த பிள்ளையின் கண். அந்தக் கண்ணுக்குக் கூலி கேட்கவும் அப்பிள்ளை அறிந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் உரிமை, வியாபாரக் குறி, கைத்தொழில் வடிவமைப்பு ஆகிய மூன்றையும் பேசுகிறது. அதன் சில பக்கங்களைப் பழைய மாணவனுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவன் கடையிலேயே எடுத்து, காசும் கொடுத்தேன்.

அவனுடைய தங்கை எங்கள் கல்லூரியிலே உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவிற் படிக்கிறாள். சென்ற தவணையிலே, சம்பளத் துண்டைத் திருத்தி அமைக்கும் வேலையை அவள் வகுப்புக்குக் கொடுத்திருந்தேன். அவள் கட்டக் காகிதத்திலே வரைந்து வந்தாள். இடப்பக்கம் பேர், வலப்பக்கம் ரூபா. கழிவுகள் எல்லாம் ஒரு கோட்டுக்குக் கீழே. சேமலாப நிதியில் முதலாளி சேர்ப்பது தனிக் கட்டத்தில். கொழுந்தின் நிறைக்கு எதிரே சிறிய கூடை ஒன்று, அண்ணன் வரைந்து கொடுத்தது. அதனை வீட்டுக்குக் கொண்டுபோய் உன் அம்மாவிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்து பார் என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்தாள். அம்மா எல்லாவற்றையும் தானே வாசித்துவிட்டாராம். கூடைக்கு வந்ததும் நின்றுவிட்டாராம்.

"இது என்னாத்துக்குன்னு கேட்டாங்க, சேர். இப்ப யாரு புள்ள கூடையில எடுக்கிறா, சாக்குலதானே எடுக்கிறோம்னாங்க."

தாளைப் பார்த்தேன். கூடை அழிக்கப்பட்டு, அதே இடத்திலே ஒரு சாக்கு வரையப்பட்டிருந்தது.